அந்தப் பழைய பள்ளிக்கூடத்தை விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்காரி. எங்கள் தோட்டத்துப் பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடத்தை இடிக்காமல் காக்கவேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவள். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் லாஸ் வேகாசில் ஓர் ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்து, யூட்டா மாநிலத்துச் செம்பாறைப் பாலைவனத்தை ஒன்பது நாள் சுற்றிக் காட்டினார். அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. சயோன் மலையில் 1930-இல் திறந்த ஒரு சுரங்கப்பாதை, ஒரு மைலுக்கு மேல் நீளம். எங்கள் வண்டி பெரிசு என்பதால் எதிரே வருகிற வண்டிகளை எல்லாம் நிறுத்திவிட்டு எங்களை நடு ரோட்டில் போகவிட்டார்கள். பாறைகள் அப்படிச் சிவந்து கிடப்பது இரும்புத் துருவால் என்றாள் பேத்தி. நாம் பால்மரம் வெட்டிய காட்டுச் செம்மண்ணுக்கும் அதே இரும்புதான் நிறம்.

நான் எழுத வந்தது வேறு.

கேபிட்டல் ரீஃப் என்ற தேசியப் பூங்காவுக்குள் ஃபுரூட்டா என்று ஓர் ஊர் இருந்திருக்கிறது. 1880-களில் மோர்மன் மதத்தினர் ஃபிரீமான்ட் ஆற்றங்கரையில் குடியேறி, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சி, ஆப்பிளும் பீச்சும் நட்டார்களாம். பத்துக் குடும்பம் இருந்தாலே பெரிய விஷயம். இன்று அந்தக் குடும்பங்கள் இல்லை. தோப்பைப் பூங்காக்காரர்கள் பராமரிக்கிறார்கள். உள்ளே நின்று எத்தனை பழம் பறித்துத் தின்றாலும் காசு இல்லை. வெளியே கொண்டுபோனால்தான் நாமே எடை பார்த்துப் பெட்டியில் பணம் போடவேண்டும்.

அதே ரோட்டோரத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். 1896-இல் கட்டியது. படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் 1941-இல் மூடினார்களாம். சன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தேன். சின்னச் சின்ன மேசைகள், கரும்பலகை. ஒரு வாத்தியார் இப்போதுதான் எழுந்து வெளியே போனதுபோல் இருந்தது. "அத்தை, கிளம்பலாமா?" என்று மருமகன் இரண்டு தடவை கேட்டார். எனக்குக் கால் நகரவில்லை.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் இதே மாதிரிதான். பலகைச் சுவர், தகரக் கூரை, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்துக்குப் பின்னால். மணிக்குப் பதிலாக ஒரு முழம் தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கும். அம்மா இருட்டிலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுவார். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, அந்தத் தண்டவாளச் சத்தம் அடங்குவதற்குள் ஓடி வரிசையில் நிற்க வேண்டும். என் எழுத்து, கணக்கு, இன்று இந்தக் கடிதம், எல்லாம் அந்தப் பலகைச் சுவருக்குள் கற்றதுதான்.

பள்ளி டவுனுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடத்துக்கு மாறியதில் எனக்கு வருத்தமே இல்லை. பிள்ளைகளுக்கு நல்ல வகுப்பறை வேண்டும். தோட்டம் முழுக்க ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது, நம் ஆட்களும் இல்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துத் தள்ளிய அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான் பேசாமல் நின்றேன். அது இன்றைக்கும் நெஞ்சில் உறுத்துகிறது. இப்போது லாலாங் புல்லுக்கு நடுவே அந்தப் பள்ளிக்கூடம் மட்டும் நிற்கிறது. நிலம் கைமாறிவிட்டது, அதுவும் போகப்போகிறது என்கிறார்கள்.

சுதந்திரம் கிடைத்தபோது நாட்டில் 800-க்கும் அதிகமான தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500 சொச்சம். மூடியவற்றில் ஒன்றையாவது கரும்பலகையோடு நம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா? பக்கத்துக் கோல கங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரத்தை வேலி போட்டுக் காக்கிறார்கள். நல்ல காரியம். அந்த மரத்தின் வழி வந்த மரங்களை வெட்டிப் பால் எடுத்த நம் ஆட்களுடைய பிள்ளைகள் படித்த இடத்துக்கும் ஒரு வேலி கேட்கிறேன். 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. முன்னாள் மாணவர்கள், கோயில் கமிட்டியார், நம் பிரதிநிதிகள் சேர்ந்து அதன்படி விண்ணப்பம் போட வேண்டும். நில உரிமையாளர் கால் ஏக்கரை மட்டும் ஒதுக்கித் தரவேண்டும். கூரைத் தகரம் மாற்ற என் சேமிப்பில் என்னால் ஆனதைத் தருகிறேன்.

பள்ளி மாறிய வாரம், பழைய இரும்புக்காரன் லாரியில் ஏற்றிய அந்தத் தண்டவாளத் துண்டை இருபது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கி வைத்தேன். என் வீட்டுச் சமையலறை மூலையில் இருக்கிறது. கட்டடம் நின்றால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்.