மயான வாசலில் கட்டணப் பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உடலை எங்கே அடக்கம் செய்வது, யாரிடம் எந்தச் சான்றைக் கொடுப்பது, எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அன்று மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் பேரம் பேச யாருக்கும் மனம் வராது. ஆகவே மயானங்களும் கல்லறைத் தோட்டங்களும் தங்கள் விதிகளையும் கட்டணங்களையும் வாசலில் எழுதி வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எரியூட்டுவோருக்கு வில்சன் கார்டன் போன்ற இடங்களில் மின் மயானம் உண்டு, சிக்கல் குறைவு. புதைப்பவர்களின் நிலை அப்படியன்று. இந்நகரத் தமிழர்களில் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் மட்டுமன்றி, இந்துக்களிலும் பல சமூகத்தார் புதைக்கும் வழக்கம் உடையவர்கள். கல்பள்ளி, ஓசூர் சாலை போன்ற பழைய இடங்களைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டதால் அவற்றை விரிவாக்க வழியில்லை. புதுக் குழிக்கு இடமில்லாத தோட்டங்களில் குடும்பக் குழியையே மறுபடி திறக்கிறார்கள். எத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம், அப்போது பழைய எலும்புகள் என்னவாகும், எந்தத் தேவாலயப் பங்கின் கடிதம் செல்லும், செலுத்தும் தொகை நிலத்துக்கா அல்லது குழி தோண்டும் கூலிக்கா, மேலே கல் கட்டலாமா என்பன எல்லாம் இடத்துக்கு இடம் மாறுகின்றன. நிரந்தரக் கல்லறை என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பளிங்கு பதித்த என் உறவினர் ஒருவர், பிற்பாடு புதுப்பிப்புத் தொகை கேட்கப்பட்டபோது, காட்டுவதற்குத் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் நின்றார்.

சொந்த நிலத்தில் புதைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரலில், கர்நாடக அரசு அதற்கு அனுமதி அளித்தது உண்மைதான். ஆனால் அது நெருக்கடிக்காலத்துக்கான ஏற்பாடு. அதைக் காட்டி இன்று வீட்டுமனையில் குழி தோண்ட முற்படுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

செலவைப் பொறுத்தவரை, மயானக் கட்டணத்தைவிட பெட்டி, வண்டி, கூலி, கல்வேலை ஆகியவையே பெரிய தொகையாகின்றன. 2017ஆம் ஆண்டின் ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி இறுதிச்சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, இறந்தவரின் உடலைக் கொண்டுசெல்லுதல் ஆகிய சேவைகளுக்கு வரி கிடையாது. அமரர் ஊர்திக்கான ரசீதில் வரி சேர்க்கப்பட்டிருந்தால் தயங்காமல் கேட்கலாம். இறப்புக்கான காரணத்தைக் குறிப்பிடும் மருத்துவச் சான்றுக்கும் கட்டணம் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, மருத்துவமனை அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். மயானத்தில் கொடுக்கும் ரசீதே போதும் என்று எண்ணி இறப்புப் பதிவை விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனையில் நேர்ந்த இறப்பை மருத்துவமனையே தெரிவிக்கும். வீட்டில் நேர்ந்தால் குடும்பத்தார்தான் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். 30 நாட்கள் கடந்தால் மாவட்டப் பதிவாளரின் எழுத்துமூல அனுமதியும், ஓராண்டு கடந்தால் நடுவரின் (மாஜிஸ்திரேட்) ஆணையும் தேவைப்படும்.

2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டுள்ள நிலையில், ஐந்துக்கும் பொதுவான ஒரே கட்டணப் பட்டியலை வெளியிடுவது கடினமான காரியம் அன்று. பலகை கன்னடத்தில் மட்டும் இருந்தாலும் குறையில்லை, படித்துச் சொல்ல ஆள் கிடைப்பார். பலகையே இல்லாததுதான் குறை. தேவாலய நிர்வாகங்களும், இஸ்லாமியரின் அடக்கத்தலமான கபர்ஸ்தானின் குழுக்களும் தங்கள் விதிகளை அச்சிட்டு உறுப்பினர் குடும்பங்களுக்கு முன்கூட்டியே கொடுக்கலாம். வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும், அது எதற்கானது, எத்தனை ஆண்டுக்கானது என்று குறிப்பிட்டு ரசீது தரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு – 8