கூழைக்கடா நம்மூர்ப் பறவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வேடந்தாங்கல் சீசன் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. அதில் ஒரு வாக்கியம்: "ஆஸ்திரேலியா, சைபீரியா உள்ளிட்ட நாடுகளில் இருந்து வந்துள்ள கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் போன்ற பறவைகள் இங்கு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குஞ்சுகளுடன் தாயகம் திரும்பும்." போன வருடமும் இதே வாக்கியம். அதற்கு முந்தைய வருடமும் இதேதான். அப்போதே உங்களுக்கு எழுதினேன். கடிதம் பிரசுரமாகவில்லை, அதில் எனக்கு வருத்தம் கிடையாது. எழுத்துக்கூட மாறாமல் அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இத்தனை வருடம் பத்திரிகை நடத்துகிற உங்களுக்குத் தெரியாததில்லை. வேடந்தாங்கலில் கூடு கட்டும் கூழைக்கடா (பெலிக்கன்) நம் நாட்டுப் பறவை. இந்தியா, இலங்கை, கம்போடியா என்று ஆசியாவின் இந்தப் பக்கத்தில் மட்டுமே வாழ்வது. ஆஸ்திரேலியாவில் இருப்பது வேறு இனம், அது இங்கே கூடு கட்ட வருவதில்லை. நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, வக்கா, பாம்புத்தாரா எல்லாம் இங்கேயே வாழ்பவைதான். மழையையும் தண்ணீரையும் பார்த்து ஏரி விட்டு ஏரி போகும், மாநிலம் விட்டு மாநிலம்கூடப் போகும். உண்மையாகவே வடக்கிலிருந்து வலசை வருகிற ஊசிவால் வாத்தும் கிளுவையும் உள்ளானும் இங்கே கூடே கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வெயில் ஏறத் தொடங்கியதும் கிளம்பிப் போய் அங்கேதான் முட்டையிடும். சைபீரியக் கொக்கு ராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்தது. 2002க்குப் பிறகு அங்கேயும் வரவில்லை.

ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு கோபமா என்று நினைப்பீர்கள். நான் மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. போன வருடம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வினாடி வினாப் போட்டிக்கு அழைத்துப் போனேன். வேடந்தாங்கலுக்குக் கூழைக்கடா எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று கேட்டார்கள். "எந்த நாட்டுல இருந்தும் வரலை சார், அது இங்கேயே இருக்கிற பறவை" என்றாள். தவறு என்று மணி அடித்தார்கள். அடுத்த மேசைப் பையன் ஆஸ்திரேலியா என்றான், மதிப்பெண் அவனுக்குப் போனது. நான் எழுந்து போய் நடுவரிடம் விளக்கினேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், பேப்பர்லயே வந்திருக்கே" என்று கோப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். உங்கள் நாளிதழ்தான் ஐயா. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெண், "அடுத்த தடவை கேட்டா ஆஸ்திரேலியான்னு சொல்லிடட்டுமா டீச்சர்?" என்றாள்.

அவள் வீட்டுக்குப் பின்னாலேயே ஏரி. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும் என்பதை எனக்கு முன்பே கவனித்தவள் அவள். நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலகின் நுனியை வாய்ப்பக்கம் செருகி, ஓடு உடையாமல் சதையை மட்டும் இழுத்தெடுப்பதை வரப்பில் உட்கார்ந்து பார்த்தவள். காலியான ஓடுகளைப் பொறுக்கி வந்து வகுப்பில் காட்டியவள். அப்படிப்பட்ட பிள்ளை தன் கண்ணைவிட அச்சில் வந்ததை நம்பலாமா என்று யோசிக்கிறாள். இதை எப்படி நான் சின்ன விஷயம் என்று விட முடியும்?

வெளிநாட்டுப் பறவை என்று எழுதுவதால் வேறொரு கெடுதலும் உண்டு. ஒரு வருடம் பறவை குறைந்தால், சைபீரியாவில் ஏதோ கோளாறு என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். வேடந்தாங்கல் ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். அத்தனை குஞ்சுகளுக்கும் தீனி அந்த ஏரிக்குள் இல்லை. சுற்றிலும் உள்ள ஏரி, குளம், நெல்வயலில் இருந்துதான் மீனும் நத்தையும் தவளையும் போகவேண்டும். அவற்றைத் தூர்த்து மனை போட்டால் கூடு காலியாகும். உங்கள் பக்கங்களில் அந்த மனைகளுக்கு முழுப்பக்க விளம்பரம் வருகிறது, நீர்நிலை போனதைப் பற்றி நாலு வரி வருவதில்லை. வேடந்தாங்கல்காரர்கள் அந்தக் காலத்திலேயே இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது எதிர்த்துப் போய், 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவே வாங்கினார்கள். தங்கள் பறவை என்று நினைத்ததால்தானே போனார்கள்?

எழுத உட்கார்ந்ததும் பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது, மன்னிக்க வேண்டும். பழைய கோபுரத்திலும் பாழடைந்த வீட்டிலும் காலங்காலமாகக் குடியிருந்து எலி பிடித்துத் தின்னும் கூகை, கிணற்றில் விழுந்து மீட்கப்படும்போதெல்லாம் உங்களிடம் 'அரிய வகை வெளிநாட்டு ஆந்தை' ஆகிவிடுகிறது. உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 வந்தால் செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று அரைப்பக்கம் போடுகிறீர்கள். 2020இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்றது. கோபுரம்தான் காரணம் என்பதற்கும் சரியான சான்று இல்லை. 2023இல் வந்த அடுத்த அறிக்கை 942 இனங்களைப் பார்த்துவிட்டு, பனங்காடை வேகமாகக் குறைகிறது என்று எச்சரித்தது. எங்கள் ஊர்ச் சாலையில் மின்கம்பிக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்த பறவை அது. இப்போது ஒன்றைப் பார்த்தால் பிள்ளைகள் கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். அதற்கு ஒரு வரியும் உங்கள் இதழில் நான் படிக்கவில்லை.

அந்த 2023 அறிக்கைக்குத் தரவு கொடுத்தவர்கள் யார்? சம்பளம் வாங்காத 30,000க்கும் மேற்பட்டவர்கள், கல்லூரி மாணவர், வங்கி ஊழியர், விவசாயி, எங்களைப் போன்றவர்கள், இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்த 3 கோடிக்கும் மேலான பதிவுகள் அவை. 2015இலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் காலையில் நோட்டும் பென்சிலுமாக ஏரிக்கரைக்கு வருகிறார்கள். குறைந்தது 15 நிமிடம், கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் இனம் வாரியாக எண்ணி எழுத வேண்டும். காக்கையையும் விடக்கூடாது. வழக்கத்துக்கு மாறாக ஒரு பறவையைப் பதிந்தால், படம் உண்டா, எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்டு எழுதுகிறார் மதிப்பாய்வு செய்யும் தன்னார்வலர். பதில் திருப்தியில்லை என்றால் அந்தப் பதிவு கணக்கில் சேராது. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இவ்வளவு கேட்கிறார்கள். லட்சக்கணக்கானவர் படிக்கும் இதழில் அதில் பாதியாவது எதிர்பார்த்தேன். கணக்கெடுப்பு பற்றிப் போன பொங்கலுக்கு உங்கள் செய்தியாளர் என்னிடம் போனில் நெடுநேரம் விவரம் கேட்டார். வந்த செய்தியில் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை, அரசுத் துறை நடத்தியது என்று இருந்தது. அன்று வீட்டுக்கு வீடு பேப்பர் வாங்கி வைத்திருந்தார்கள் ஐயா.

அப்புறம் அந்த வாசகர் புகைப்படப் பகுதி. கூட்டுக்குள் வாய் பிளந்த குஞ்சுகளின் படத்துக்குத்தான் பெரும்பாலும் பரிசு தருகிறீர்கள். எங்கள் பள்ளி வேலியோரச் செடியில் சின்னான் குருவி கூடு வைத்திருந்தது. படம் எடுக்க வந்த யாரோ, வெளிச்சத்துக்காக மேலே நிழல் தந்த கிளைகளை ஒடித்துவிட்டுப் போனார். மறுநாள் மதிய வெயிலில் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. தாய் வாயில் புழுவோடு பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்திருந்தது. பரிசு என்று ஒன்று இருப்பதால்தான் ஆட்கள் கூட்டைத் தேடி வருகிறார்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. வந்த இடத்திலேயே, அதே அளவு எழுத்தில், கூழைக்கடாவும் நாரைகளும் இங்கே வாழும் பறவைகள் என்று ஒரு திருத்தம் போடுங்கள். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, யார் வேண்டுமானாலும் கணக்கெடுப்பில் சேரலாம் என்று இரண்டு வரி அறிவிப்பு போடுங்கள். கூட்டுப் படங்களுக்குப் பரிசு வேண்டாம். பறவைச் செய்தியை அச்சுக்கு அனுப்புமுன் யாரிடமாவது கேட்கத் தோன்றினால், என் எண் உங்கள் மாவட்டச் செய்தியாளரிடம் இருக்கிறது. பள்ளி நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு அறிவியல் ஆசிரியை,
மதுராந்தகம் வட்டம்.