கண்ணுக்குத் தப்பும் பிழைகள்

அன்புள்ள வசந்தா,

உன் கொழுந்தனாருக்குக் கை கொஞ்சம் அசைகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தாயே, நான் மெய்ப்புப் பார்க்கிற மின்னூல்கள் அவர் மாதிரி ஆட்களுக்கும் சேர்த்துத்தான். பார்வையில்லாதவர்களுக்கு மட்டும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் அவரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்.

பதிப்பாளரைக் கேட்காமல் புத்தகத்தை ஸ்கேன் செய்து இப்படி மின்னூலாக்கலாமா என்று கேட்டிருந்தாய். செய்யலாம். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே இதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம், அச்சில் படிக்க முடியாதவர்களுக்குப் புத்தகம் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் நாடுகளுக்கிடையே கையெழுத்தானது, 2014-இல் அதை உலகத்திலேயே முதலில் உறுதி செய்த நாடு நம் நாடுதான். அச்சில் படிக்க முடியாதவர்களுக்கு மட்டும் போக வேண்டும், லாபம் பார்க்கக் கூடாது, அதுதான் நிபந்தனை.

வேலை எப்படி என்றால், ஸ்கேன் செய்த பக்கத்தின் படத்தை ஓ.சி.ஆர். என்கிற மென்பொருள் எழுத்தாக மாற்றித் தரும், அதை மூலத்தோடு வைத்து ஒப்பிட வேண்டும். தமிழில் பெரிய தொல்லை ரகரமும் துணைக்காலும்தான். ‘மரத்தடியில்’ என்பது ‘மாத்தடியில்’ என்று வந்திருக்கும், நீயும் நானும் அதை மரத்தடி என்றே படித்துக்கொண்டு போய்விடுவோம், ஏனென்றால் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அப்படி விட்டுக்கொடுக்காது, உள்ளதை உள்ளபடி ‘மாத்தடி’ என்று சொல்லிவிடும், கேட்கிறவருக்கு ஒன்றும் புரியாது. அதனால் நான் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் போட்டு ஒவ்வொரு பக்கத்தையும் காதால் கேட்டுவிடுகிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் இன்னும் பாடு, அந்தப் பழைய ணா, றா, லை எல்லாம் என்னென்னவோ எழுத்தாக வந்து விழும்.

அப்புறம், வரி ஓரத்தில் இடம் போதாவிட்டால் நம் அச்சில் சொல்லை ஒடித்து மிச்சத்தை அடுத்த வரியில் போடுவார்கள், நடுவில் ஒரு சிறு கோடுகூட இருக்காது. அப்படியே விட்டால் குரல் ‘வந்துகொண்டி’ என்று நின்று ‘ருந்தாள்’ என்று புதிதாக ஆரம்பிக்கும். பக்கத்தின் மேலே இருக்கும் நூல் தலைப்பும் வாக்கியத்தின் நடுவே புகுந்துவிடும், அதை எடுத்துவிட வேண்டும். பக்க எண்ணை மட்டும் தூக்கி எறியக் கூடாது, தனியாகக் குறித்து வைக்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் 112-ஆம் பக்கத்தைத் திறக்கும்போது அந்தப் பிள்ளையும் அங்கே போக வேண்டாமா?

காதுக்கும் பிடிபடாத பிழைகள்தான் எனக்குப் பயம். 1857 என்பது 1851 ஆகிவிட்டால் குரல் துளியும் தடுமாறாமல் அதையே சொல்லும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன் அதை அப்படியே மனப்பாடம் செய்வான், சரிபார்க்க அவன் கையில் வேறு பிரதி கிடையாது. “ஏதோ ஒன்று கிடைக்கிறதே, போதாதா?” என்று சிலர் கேட்கும்போது கோபம் கோபமாக வருகிறது, வசந்தா. காசு கொடுத்து வாங்கும் புத்தகத்தில் பக்கத்துக்குப் பத்துப் பிழை இருந்தால் நாம் விடுவோமா? அதேபோல, ஆசிரியர் ‘வெய்யில்’ என்று எழுதியிருந்தால் அதை ‘வெயில்’ ஆக்கும் வேலையும் நமக்கு இல்லை, அவர் எழுதியது எழுதியபடியே போய்ச் சேர வேண்டும்.

இப்போது உன் உதவி ஒன்று வேண்டும். கையில் இருப்பது ஒரு புவியியல் புத்தகம், அதில் தென்மேற்குப் பருவக்காற்று வரும் வழியைக் காட்டும் வரைபடம் ஒன்று. அம்புக்குறிகளை எல்லாம் வார்த்தையில் சொல்ல வேண்டும். கேரளக் கரையில் தொடங்கி வடக்கே போவதா, அல்லது அரபிக்கடல் கிளை, வங்கக்கடல் கிளை என்று முதலில் பிரித்துவிடுவதா? இத்தனை வருடம் வகுப்பில் நடத்தினவள் நீதான். படத்தைப் பார்க்காத பிள்ளைக்கு எப்படிச் சொல்வாயோ அப்படியே நாலைந்து வரி எழுதி அனுப்பு, அந்த இடத்தை காலியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மீனாட்சி