கோடைகால நகர ஊழியம் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சகோதரர்களுக்கு,

இந்தக் கோடையிலும் வாலிபர்களை 6 வாரம் நகரத்தின் ஏழ்மையான பகுதி ஒன்றுக்கு அழைத்துப் போகப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். பகலில் ஊழியம், இரவில் ஆண்கள் மட்டும் கூடும் ஐக்கியம். பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு குழுவில் நானும் போனவன். அங்கே கிடைத்த நண்பர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் என் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள். அதனால் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு விஷயம் இத்தனை காலமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கடைசி நாள் சாட்சிக் கூட்டம். நாங்கள் 14 பேர். ஒவ்வொருவராக எழுந்து, இன்னார் என்னைத் தாங்கினார், இன்னார் எனக்காக ஜெபித்தார் என்று சொல்லிச் சொல்லி அழுதோம். கூட்டம் நீண்டுகொண்டே போனது. பின்வரிசையில், அந்தப் பகுதியில் இலவச உணவுக்கூடம் நடத்தும் அம்மா உட்கார்ந்திருந்தார். சாட்சி கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலிகளுக்காகக் காத்திருந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்தது அவருடைய நாற்காலிகளில்தான். விடிந்தால் சாப்பிட வருகிறவர்களுக்கு அவை வேண்டும். அந்த 14 சாட்சிகளில் ஒன்றில்கூட அந்தத் தெருவில் வாழும் ஒருவர் பெயர் வரவில்லை. என்னுடையதிலும் வரவில்லை. எங்கள் நட்பு அரங்கேற அந்தத் தெரு ஒரு மேடையாக இருந்தது, அவ்வளவுதான்.

1833ல் பாரிஸில் ஃபிரடெரிக் ஓசனாம் என்ற 20 வயது கத்தோலிக்க மாணவர் இருந்தார். ஒரு விவாதத்தில், உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எதிர்த்தரப்பு அவரை மடக்கியது. பதில் சொல்ல முடியாத அவர், நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஏழைகள் வீட்டுக்குப் போகக் கிளம்பினார். எனக்குப் பிடித்தது அடுத்து அவர்கள் செய்த காரியம். ஏழைகளைப் பற்றித் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாரிஸின் ஏழ்மையான மூஃப்தார் பகுதியில் சுமார் 30 வருடமாக உழைத்துக்கொண்டிருந்த ரோசலி ரென்டூ என்ற கன்னிகாஸ்திரியிடம் போய் நின்றார்கள். எந்த வீட்டுக்குப் போவது, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். இன்று உலகெங்கும் ஏழைகளுக்கு உதவிவருகிற வின்சென்ட் தெ பவுல் சபை அப்படித்தான் பிறந்தது.

கத்தோலிக்கரிடமிருந்தா உதாரணம் என்று முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. சரி, 1844ல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை ஆரம்பித்த ஜார்ஜ் வில்லியம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவரே துணிக்கடைச் சிப்பந்தி. நாள் முழுக்க உழைத்துவிட்டுக் கடையோடே தங்கும் இளைஞர்களின் பாடு அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலாமவர் தெரிந்தவரிடம் கேட்டார், இரண்டாமவருக்கே தெரியும். நாங்கள் இரண்டும் இல்லாமல் போனோம்.

நீங்கள் அழைப்பிதழில் போடும் எரேமியா 29:7, பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்கிற வசனம், யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது. அங்கே 70 வருடம் இருக்க வேண்டிய கணக்கு அது. 6 வாரத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் அடக்கமாகவே அந்த வசனத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த இரவுக் கூட்டங்கள். மூன்றாம் நாளே எங்களை வட்டமாக உட்கார வைத்து மனம் திறக்கச் சொன்னார்கள். முந்தின ஆள் சொன்ன பாவத்தைவிட நம்முடையது சின்னதாக இருந்தால் ஏதோ மறைக்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும். ஒருவன் நிஜமாகவே மனதைத் திறந்தான். ஊர் திரும்பியதும் அவன் சொன்னது ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் எல்லோர் காதுக்கும் போனது. அதற்குப் பிறகு அவன் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. எங்களில் யாரும் போய் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

எனக்கு நட்பு கிடைத்தது அந்த வட்டத்தில் இல்லை, உணவுக்கூடத்துப் பின்கட்டில். அண்டா கழுவ இரண்டிரண்டு பேராக எங்களைப் போட்டது அந்த அம்மாதான். இயேசுவும் சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். அதை நினைத்து அவர் செய்தாரா, தொட்டி அவ்வளவுதான் கொள்ளும் என்பதாலா, தெரியாது. ஒரு வாரம் நானும் என் கூட்டாளியும் சோப்பு போதாது, தண்ணீர் சூடாக இல்லை என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள், அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டே, தன் அப்பா வீட்டை விட்டுப் போனதைச் சொன்னான். நான் நிமிரவில்லை, தேய்த்துக்கொண்டே கேட்டேன். ஆண்களில் பலருக்கு எதிரே முகம் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு வராது. பக்கத்தில் நின்று கை ஒரு வேலையில் இருந்தால் வரும். இரும்பை இரும்பு கருக்கிடும், அதாவது கூராக்கும், என்ற நீதிமொழிகள் வசனத்தை ஆண்கள் கூட்டத்துக்கெல்லாம் தலைப்பாகப் போடுகிறோம். இரண்டு இரும்பை எதிரெதிரே சும்மா வைத்தால் எப்படிக் கூராகும்?

விண்ணப்பப் படிவம் அச்சடிப்பதற்கு முன்னால், அந்தப் பகுதியில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள். எத்தனை பேர் வேண்டும், என்ன வேலை, எத்தனை மணிக்கு என்பதை அவர்களே சொல்லட்டும். இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் இருக்கட்டும். 14 பேர் அவர்களுக்குச் சுமை, 4 பேர் போதும் என்றால் 4 பேரே போங்கள். பிள்ளைகளுக்குப் புதிதாக வகுப்பு ஆரம்பித்துவிட்டு ஆறாம் வாரம் கையசைத்துவிட்டு வராதீர்கள். அங்கே வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கைவேலை செய்யுங்கள். அடுத்த கோடைக்கும் அதே தெருவுக்கே போங்கள். இரவில் மனம் திறப்பதை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள், கேட்டதை ஜெப விண்ணப்பமாகக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அண்டா கழுவ ஆள் குறைந்தால் எனக்குச் சொல்லுங்கள், வருகிறேன். சாட்சிக் கூட்டத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
பழைய வாலிபன் ஒருவன்