விடைக்குறிப்பில் இடமில்லாத சிப்பாய்கள்: வரலாற்றுப் பாடக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடநூல் குழுவினருக்கும், விடைக்குறிப்பு தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நடந்து முடிந்த அரையாண்டுத் தேர்வில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஏற்பட்ட உயிரிழப்புகளை விவரிக்கும்படி கேட்ட ஐந்து மதிப்பெண் வினாவையும், அதற்கு நீங்கள் அனுப்பிய விடைக்குறிப்பையும் அறிவீர்கள். என் மாணவி ஒருத்தி, மாண்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் நோயால்தான் மாண்டார்கள் என்று தொடங்கி, பாசறையில் அவர்கள் உண்டதையும் உறங்கியதையும் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். குறிப்பில் இல்லாத விடைக்கு மதிப்பெண் தரலாகாது என்று நீங்கள் அறிவுறுத்தியிருந்ததால், திருத்தியவர் சுழியம் இட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையைக் கட்டியது உங்கள் தாள். ஆனால் அந்தப் பிள்ளை எழுதியது உண்மை. உண்மையை எழுதிய விடைத்தாளுக்குச் சுழியம் கிடைத்தது என்பதை என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை.

போர் மூண்ட கதையை நம் பாடம் ஒழுங்காகவே சொல்கிறது. 1860 நவம்பரில் லிங்கன் வென்றதும், டிசம்பர் 20இல் தென் கரோலினா மாநிலம் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்ததும், 1861 ஏப்ரல் 12 விடியற்காலையில் சம்டர் கோட்டை மீது பீரங்கிகள் முழங்கியதும் ஆண்டு பிசகாமல் அச்சாகியிருக்கின்றன. 75,000 தன்னார்வப் படைவீரர்களை லிங்கன் அழைத்தார் என்றும் இருக்கிறது. அவர்களை மூன்று மாதத்திற்கு மட்டுமே அழைத்தார் என்பது இல்லை. எல்லாம் சட்டென்று முடிந்துவிடும் என்று ஒன்றியத்தில் நீடித்த வடக்கும், பிரிந்துபோன தெற்கும் என இரு தரப்பும் நம்பின. ஜூலை 21 அன்று புல் ரன் ஓடைக்கரையில் நடந்த முதல் பெருஞ்சண்டையை வேடிக்கை பார்க்க வாஷிங்டனிலிருந்து சிலர் உணவுக்கூடைகளுடன் வண்டி கட்டிப் போனார்கள். மாலையில், தோற்று ஓடிவந்த வடக்கின் படையோடு நெரிசலில் சிக்கித் திரும்பினார்கள். மூன்று மாதம் என்று நம்பிக் கிளம்பியவர்களின் போர் நான்கு ஆண்டுகள் நீடித்தது. நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கின்படி ஏறத்தாழ 6,20,000 பேர் மாண்டார்கள்.

இவர்களில் மூவரில் இருவரைக் கொன்றது வயிற்றுப்போக்கும் சீதபேதியும் டைபாய்டும் அம்மையும்தான். பண்ணைகளிலிருந்து வந்த இளைஞர்கள் பலர் அதுவரை தட்டம்மையே கண்டிராதவர்கள். ஆயிரக்கணக்கானோரை ஒரே வெளியில் கூடாரமடித்துத் தங்கவைத்தபோது, முதல் குண்டு பாய்வதற்கு முன்பே முகாம்கள் மருத்துவமனைகளாயின. கழிப்பிடக் குழிகள் குடிநீருக்கு அருகிலேயே இருந்தன. கிருமியைப் பற்றி அறியாத மருத்துவர்கள் ஒருவனுக்குப் பயன்படுத்திய அறுவைக் கருவியைக் கழுவாமலே அடுத்தவனுக்கும் பயன்படுத்தினார்கள்.

வடக்குச் சிப்பாயின் அன்றாட உணவு உப்பிட்ட பன்றி இறைச்சியும் காப்பியும் 'ஹார்ட்டாக்' என்ற காய்ந்த சதுர ரொட்டியும். மாவு, நீர், உப்பு மட்டும் சேர்த்துச் சுட்ட அந்த ரொட்டியைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துத்தான் தின்ன வேண்டியிருந்தது. பெட்டிகளில் மாதக்கணக்கில் கிடந்து வண்டு விழுந்துவிடும் என்பதால், அதற்குப் 'புழுக்கோட்டை' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். சூடான காப்பியில் போட்டதும் வண்டுகள் மேலே மிதந்து வரும். அவற்றை வழித்தெறிந்துவிட்டு, மிச்சத்தைக் குடித்துவிட்டு, அணிவகுப்புக்குப் போனார்கள். தெற்கத்தியச் சிப்பாய்க்கு அந்தக் காப்பியும் இல்லை. துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் அடைத்திருந்தன. அதனால் வர்ஜீனியாவின் ராப்பஹானக் ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே காவல் நின்ற இரு தரப்புச் சிப்பாய்கள் சிறு பலகைப் படகுகளைச் செய்து, இக்கரைக் காப்பியை அக்கரைப் புகையிலைக்கு மாற்றிக்கொண்டார்கள். உள்நாட்டுப் போர் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்கும் பிள்ளைக்கு, இந்தப் படகைக் காட்டாமல் நான் வேறு எதைக் காட்டுவேன்?

கறுப்பினச் சிப்பாய்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. ஏறத்தாழ 1,80,000 பேர் வடக்கின் படையில் சேர்ந்தார்கள். வெள்ளையருக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவினர் அந்தக் குறைகூலியை வாங்கவே மறுத்து, கூலி இல்லாமலே போரிட்டார்கள். 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சமஊதியச் சட்டம் இயற்றியது. அடிமைமுறைதான் இந்தப் போரின் வேர் என்று நூறு முறை எழுதியும் மனத்தில் பதியாதது, இந்த 3 டாலர் பிடித்தத்தில் ஒரே நொடியில் பதிந்துவிடும்.

இடமில்லை என்று சொல்வீர்கள். தளபதிகளையும் சண்டைகளையும் ஆண்டுகளையும் அடுக்கிய அட்டவணைக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறதே! இந்தப் பாடத்தில் மட்டுமா இந்த நிலை? பானிபட்டிலும் பிளாசியிலும் படை நடத்தியவர் பெயர் உண்டு. படையில் நடந்தவன் என்ன தின்றான், எதனால் செத்தான் என்பது கிடையாது. 300 டாலர் கட்டியவனுக்கு வடக்கில் படைச்சேவையிலிருந்து விலக்கு கிடைத்தது, இருபது அடிமைகள் இருந்த பண்ணைக்குத் தெற்கில் விலக்கு கிடைத்தது என்று படிக்கும் பிள்ளை, போரில் யார் சாகிறார்கள் என்பதைத் தானே புரிந்துகொள்வாள். அந்தப் போரால் அமெரிக்கப் பருத்தி வரத்து நின்று, நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு விலை ஏறியதையும் ஒரு வரியில் சேர்த்தால், பாடம் அவள் ஊருக்கே வந்துவிடும்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பதிப்பில் அந்த அட்டவணையைப் பாதியாகச் சுருக்கி, சிப்பாய்களின் அன்றாட வாழ்வுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குறிப்பில் இல்லாவிட்டாலும் சரியான விடைக்கு மதிப்பெண் வழங்கலாம் என்ற ஒரு வரியை விடைக்குறிப்பின் தலைப்பிலேயே அச்சிடுங்கள். முழுஆண்டுத் தேர்வுக்கு முன் இந்த வினாவுக்கான திருத்தத்தைப் பள்ளிகளுக்கு அனுப்பிவைத்தால், என் மாணவியைப் போல் எழுதியவர்களின் விடைத்தாள்களை மீண்டும் திருத்த இயலும்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு வரலாற்று ஆசிரியை ஒருவர்