‘தேவையான அளவு’ என்று போட்டால் அடை வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளில் கம்பு தோசை, வரகு தோசை, தினை அடை என்று குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் பெரும்பாலானவற்றில் ‘அரிசிக்குப் பதில் சிறுதானியம், தண்ணீர், உப்பு தேவையான அளவு’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அதை நம்பி மாவரைக்கிறவர்கள் கல்லில் ஒட்டிப் பிய்ந்ததைச் சுரண்டித் தின்றுவிட்டு, மறுவாரமே பழைய மாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு. நாலுக்கு ஒன்று உளுந்து போட்ட வழக்கமான தோசை மாவில், உலர்ந்த தானிய எடை 100 கிராமுக்குப் புரதம் ஏறக்குறைய 11 கிராம். அரிசியை எடுத்துவிட்டுக் கம்போ தினையோ போட்டால் 13, 14 ஆகும். மூன்றில் இரண்டு பங்கு பருப்பு போட்ட அடையில் 18 வரும். அதாவது, மாற்றத்தைப் பெரிதாகத் தருவது பருப்புதான். தானியத்தின் பங்கு அதற்கு அடுத்தது. வெள்ளையாகத் தீட்டிய வரகுக்கும் சாமைக்கும் மாவுச்சத்தில் அரிசியோடு பெரிய வித்தியாசம் கிடையாது. ‘சிறுதானியம்தானே’ என்று சர்க்கரை உள்ளவர்கள் ஆறு தோசை சாப்பிடுவது வீண் தைரியம். தவிட்டின் பழுப்பு கொஞ்சமாவது ஒட்டியிருக்கும் தானியமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆகவே ஆரோக்கியம்தான் நோக்கம் என்றால் அடையில் தொடங்குவதே சரி. புளிக்குமா புளிக்காதா என்ற கவலையும் அதில் இல்லை. 12 அடைக்கு: கம்பு 150 கிராம், கடலைப்பருப்பு 100, துவரம்பருப்பு 100, பாசிப்பருப்பு 50, தோலுளுந்து 50. காய்ந்த மிளகாய் ஆறு, சீரகம் ஒரு தேக்கரண்டி, விரல்கணு அளவு இஞ்சி, பெருங்காயம், தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு.

கம்பைத் தனியாக எட்டு மணி நேரம் ஊறவைத்து, கையால் அலசித் தேய்த்து, மேலே மிதக்கும் உமியைக் கொட்டிவிட வேண்டும். பருப்புகளுக்கு மூன்று மணி நேரம் போதும். சித்திரை, வைகாசியில் கடலூர் வெயிலுக்கு நாலு மணி நேரம் தாண்டினால் ஊறிய தண்ணீர் நுரைத்து வாடை வந்துவிடும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் இரவு முழுக்க ஊறப்போடச் சொல்லும் குறிப்புகள் இங்கே தோற்பது அதனால்தான்.

அரைக்கும்போது கம்பும் மிளகாயும் முதலில், ரவைப் பதத்துக்கு. பிறகு பருப்புகளைப் போட்டு விட்டுவிட்டுச் சுற்றினால் போதும். எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தண்ணீர் 200 மில்லி, ஒரு டம்ளர். கரண்டியைச் சாய்த்தால் மாவு ஒழுகக் கூடாது, தொப்பென்று விழ வேண்டும். அரைத்து ஒரு மணி நேரம் மூடி வைத்தால் போதும்.

அடை வறட்டி மாதிரி இறுகினால் மாவை வழவழவென்று அரைத்துவிட்டீர்கள் என்று பொருள். கொரகொரப்பு இருந்தால்தான் நடுவே ஆவி புகுந்து வேகும். ஓரம் பாறை, நடு பச்சை என்றால் தீ அதிகம். திருப்பும்போது பிய்ந்தால் தண்ணீர் அதிகம். ஒரு பிடி ரவை தூவிக் கால் மணி நேரம் விட்டால் சரியாகும். கடலைப்பருப்பைக் கூட்டினால் மொறுமொறுப்பு வரும், ஆனால் ஆறினால் பல்லுக்கு வேலை. உளுந்தைக் கூட்டினால் மெத்தென்று இருக்கும், கல்லைவிட்டு வராது. முருங்கைக் கீரையையும் வெங்காயத்தையும் மொத்த மாவிலும் கலந்து வைக்கவே கூடாது. உப்பு அவற்றின் நீரை இழுத்து அரை மணி நேரத்தில் மாவைக் கஞ்சியாக்கிவிடும். வார்க்கப்போகிற மாவில் மட்டும் கலக்கலாம்.

கம்பு மாவைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பில் நூற்றுக்கு ஐந்து பங்குவரை கொழுப்பு உண்டு. அரைத்ததும் அதிலுள்ள நொதி கொழுப்பை உடைக்கத் தொடங்கும். ஒரு வாரம், பத்து நாளில் மாவு கசக்கும். ‘கம்பு தோசை கசக்கிறது’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் பழைய மாவைத்தான் குறை சொல்கிறார்கள், கம்பை அல்ல. விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்துக் கம்பு நம் மாவட்டத்திலேயே கிடைக்கும்போது, முழுத் தானியமாக வாங்கி அன்றன்றைக்கு ஊறவைப்பதே மேல்.

தோசைதான் வேண்டும் என்பவர்களுக்குக் கேழ்வரகு. 300 கிராம் மாவுக்கு 100 கிராம் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், ஒரு கைப்பிடி அவல். உளுந்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கவே கூடாது. மாவு உப்பும்போது காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்புதான். கேழ்வரகிலோ கம்பிலோ அந்தப் பசை இல்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடையை ஒட்டி விதைக்கும் உளுந்து பங்குனி வாக்கில் சந்தைக்கு வரும். அந்தப் புது உளுந்து நன்றாகப் பொங்கும். வருடம் தாண்டியது என்றால் 25 கிராம் கூடப் போட வேண்டும். உளுந்து, வெந்தயம், அவலைப் பொங்க அரைத்து, கேழ்வரகு மாவைக் கட்டியில்லாமல் கையால் கரைத்துச் சேர்க்க வேண்டும். கோடையில் ஆறேழு மணி நேரத்தில் புளித்துவிடும். மார்கழியில் பன்னிரண்டுகூட ஆகும். கோடையில் உப்பைக் கரைக்கும்போதே போடுவது நல்லது; உப்பு புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பதால் குளிர்காலத்தில் புளித்தபின் போட வேண்டும்.

மீந்த இட்லி மாவில் கேழ்வரகு மாவைக் கொட்டிக் கலக்கி உடனே ஊற்றுவதும் நடக்கிறது. அரை மணி நேரமாவது மாவு தண்ணீரைக் குடிக்க விடாவிட்டால் பச்சை வாடை போகாது.

எண்ணெய் விஷயத்தில் கல் முக்கியம். பழகிய இரும்புக் கல்லில் தோசைக்கு அரைத் தேக்கரண்டி, அடைக்கு நடுவில் ஒரு குழி தோண்டி அதில் பாதி, ஓரத்தில் பாதி என ஒரு தேக்கரண்டி போதும். மூடி போட்டு மிதமான தீயில் ஒரு பக்கம் இரண்டரை நிமிடம், மறுபக்கம் ஒன்றரை. மாவு கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அதிகம் காய்ந்துவிட்டது; தண்ணீர் தெளித்து, நறுக்கிய வெங்காயத்தால் துடைத்துவிட்டு ஊற்றவும். இவ்வளவு பார்த்துச் செய்துவிட்டு வெண்ணெயும் வெல்லமும் குவித்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். கொத்தமல்லித் துவையலோ, நம்மூருக்கு ஏற்றபடி முதல் நாள் மீன்குழம்போ போதும்.

ஆசிரியருக்கு ஒரே கோரிக்கை. குறிப்புகளில் ‘கப்’ என்று போடாமல் கிராமில் போடச் சொல்லுங்கள். ஆழாக்கு, டம்ளர், கப் மூன்றும் ஒன்றல்ல. ஒரே கப்பில் கம்பு எடுத்தால் ஓர் எடை, கம்பு மாவு எடுத்தால் வேறு எடை.

இப்படிக்கு,
வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.