மொரிஸ் பிஷப்பை எங்கே வைத்தீர்கள்? அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இன்னுமோர் அக்டோபர் 19 கடந்துபோயிற்று. அந்த நாளைத் தேசிய வீரர்கள் நாளென்று 2023இல் அறிவித்து அரசு விடுமுறையும் விட்ட கரீபியத் தீவு நாடான கிரெனடாவில், மலர் வைக்க இன்றுவரை ஒரு கல்லறை இல்லை. அந்நாட்டின் பிரதமராயிருந்த மொரிஸ் பிஷப்பும், கல்வி அமைச்சர் ஜாக்குலின் கிரெஃப்ட் உட்பட அவரோடு அதே நாளில் கோட்டைச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட ஏழு பேரும் எங்கே கிடக்கிறார்கள் என்ற கேள்விக்கு 1983 முதல் விடை இல்லை.

பின்னணியை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உட்கட்சி மோதலில் அவரைச் சுட்டவர்கள் அவருடைய இராணுவத்தினர்; உடல்களைக் கலிவிக்னி இராணுவ முகாமில் குழியிலிட்டு எரித்தவர்களும் அவர்களே. அந்தப் பழியை உங்கள்மீது சுமத்த நான் வரவில்லை. ஆனால் அக்டோபர் 25 அன்று தீவின்மீது படையெடுத்து இறங்கிய உங்கள் படையினர்தாம் பின்னர் அந்தக் குழியைத் தோண்டி, எஞ்சியிருந்தவற்றைத் தீவின் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய், உங்கள் மருத்துவர்களைக் கொண்டு பரிசோதித்தார்கள். பிஷப்பின் உடல் என்று அடையாளம் உறுதிப்படவில்லை என்றார்கள். இருக்கட்டும். அடையாளம் தெரியாத எலும்பையும் எங்கோ ஓரிடத்தில்தானே வைத்திருக்க வேண்டும்? அந்த இடம் எது என்பதுதான் என் கேள்வி.

பிஷப்பின் தாய் அலிமென்டாவை நினைத்துப் பாருங்கள். 1974 ஜனவரி 21 அன்று, அன்றைய ஆட்சித் தலைவர் எரிக் கெய்ரியின் காவலர்கள் அவரை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தைத் துரத்தி வந்தபோது, உள்ளே ஒதுங்கியிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் காக்கக் கட்டட வாசலில் நின்ற அவருடைய கணவர் ரூபர்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். 1979இல் பிஷப் நடத்திய புரட்சிக்குப் பின் தலைநகரின் கோட்டைக்கு அந்த ரூபர்ட்டின் பெயரைச் சூட்டினார்கள். தந்தையின் பெயரைத் தாங்கிய அதே கோட்டைக்குள், 39 வயதில், மகனும் சுடப்பட்டார். மகனின் குழியில் தள்ள ஒரு பிடி மண்ணை அந்தத் தாயின் கையில் யாரும் கொடுக்கவில்லை. மகனின் உடலைக் கேட்டுக்கொண்டிருந்தே அவரும் போய்ச் சேர்ந்தார்.

உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை நம்பத்தான் முயல்கிறேன்; முடியவில்லை. கிரெனடா கட்டிக்கொண்டிருந்த விமானத் தளத்தை வானிலிருந்து படமெடுத்து, 1983 மார்ச்சில் உங்கள் அதிபர் ரீகன் தொலைக்காட்சியில் நாட்டுக்கே காட்டி அச்சுறுத்தினார். படையெடுப்பின்போது அள்ளிச்சென்ற பிஷப்பின் கட்சிக் கூட்டக் குறிப்புகளையும் கடிதங்களையும் டன் கணக்கில் பாதுகாத்து, அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை மறு ஆண்டே அச்சிட்டும் வெளியிட்டீர்கள். துண்டுத்தாளுக்கும் கணக்கு வைக்கத் தெரிந்த அரசுக்கு, எலும்புகளுக்கு மட்டும் கணக்கு வைக்கத் தெரியாமல் போயிற்றா? அன்று உங்களை அத்தனை பயமுறுத்திய அந்த ஓடுபாதைக்கு 2009 முதல் மொரிஸ் பிஷப் பன்னாட்டு விமான நிலையம் என்று பெயர். உங்கள் நாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் மருத்துவ மாணவர்களும் அதில்தான் வந்து இறங்குகிறார்கள். கிரெனடா அரசையும் இங்கே கேட்கத்தான் வேண்டும்: பெயர்ப்பலகை வைப்பதும் விடுமுறை விடுவதும் எளிது, அமெரிக்காவிடம் வந்து உறுதியாகக் கேட்பதுதான் கடினமாயிருக்கிறது போலும்.

பிஷப் குறையற்றவர் என்று நான் வாதாடவில்லை. லண்டனில் சட்டம் படித்துத் திரும்பிய அவர், கெய்ரியின் காவலர்களிடம் தாமே அடிபட்டவர். அப்படிப்பட்டவர் 1979இல் ஆட்சியைக் கைப்பற்றியபின் நான்கரை ஆண்டுகள் தேர்தல் நடத்தாததையும், எதிர்த்தவர்களை விசாரணையின்றிச் சிறையில் வைத்ததையும் மறைக்க முடியாது. ஆனால் ஒருவருடைய அரசியலை எடைபோட்டுப் பார்த்தா அவர் உடலைக் குடும்பத்திடம் கொடுப்பது?

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். கலிவிக்னியில் தோண்டியெடுத்தவற்றை மருத்துவக் கல்லூரியிலிருந்து யார், எந்த நாளில், யாரிடம் ஒப்படைத்தார்கள் என்பதைச் சொல்லும் கோப்புகளை மறைப்பின்றித் திறந்து காட்டுங்கள். அவை இன்னும் ஓரிடத்தில் இருக்குமானால், 1983இல் இல்லாத மரபணுச் சோதனை இன்று இருக்கிறது. எட்டுப் பேரின் குடும்பத்தாரிலும் இரத்தம் கொடுக்க இன்னும் ஆட்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுமாறு வேண்டுகிறேன். நீண்ட விளக்கம் தேவையில்லை. இடத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
பதிலை எதிர்நோக்கும் ஒரு தமிழ் வாசகன்